வழிபாட்டில் உடல்: கிறிஸ்தவ மரபில் ஆடல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்குள் கொண்டுவரப்பட்ட நாளில் தாவீது அரசன் அதன் முன்னே தன் வலிமை முழுவதையும் கூட்டி ஆடினான் என்று விவிலியத்தின் சாமுவேல் இரண்டாம் நூல், ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. அவன் இடையில் இருந்தது குருக்கள் அணியும் எளிய நூலாடை. எக்காளம் ஒலித்தது, மக்கள் ஆர்ப்பரித்தனர். அவ்வேளை சாளரத்தினூடாக இக்காட்சியைக் கண்ட அவன் மனைவி மீகாள், முன்னைய அரசன் சவுலின் மகள், தன் உள்ளத்தில் அவனை இகழ்ந்தாள். வீடு திரும்பிய கணவனை எதிர்கொண்டு, பணிப்பெண்கள் காண உடல் தெரிய ஆடிய அரசனின் பெருமைதான் என்னே என்று எள்ளினாள். தாவீதோ, தான் ஆடியது கடவுளின் முன்னிலையிலேயே என்றும், இதனினும் கீழானவனாகத் தயங்காமல் ஆவேன் என்றும், அவள் இழித்துரைத்த அப்பணிப்பெண்களிடத்தே தனக்கு மதிப்பு உண்டாகும் என்றும் விடை கூறினான்.

ஒரு குடும்பப் பூசலாகச் சொல்லப்பட்டிருக்கும் இந்நிகழ்ச்சியினுள், கிறிஸ்தவ வழிபாட்டு வரலாறு முழுவதும் தீராது தொடர்ந்து வந்துள்ள ஓர் அறவியல் வினா அடங்கியுள்ளது. இறைவன் முன்னிலையில் மனித உடல் எவ்வாறு இருத்தல் தகும்? அடங்கி ஒடுங்கி நிற்பதுதான் பக்தியா, அன்றி ஆடுவதும் பக்தியாகுமா? வழிபாட்டில் எது கண்ணியம், எது கண்ணியக்குறைவு என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? கலை பற்றிய வினாபோல் தோற்றமளிக்கும் இது, ஆழ நோக்குமிடத்து, மானிடரின் மதிப்பைப் பற்றிய வினாவாகவே அமைந்துள்ளது.

விவிலியம் இதற்கு ஒரே விடை தருவதாகக் கொள்ளமுடியாது. செங்கடலைக் கடந்த பின் மிரியாம் கையில் தம்பட்டம் ஏந்தி முன்செல்ல, பெண்கள் அனைவரும் ஆடிக்கொண்டு அவளைத் தொடர்ந்தனர். இறைவனை ஆடலால் புகழுமாறு சங்கீதங்களின் இறுதிப் பகுதி அழைக்கின்றது. ஆயின் அதே யாத்திராகமத்தில், மோசே மலையிலிருந்து இறங்கி வருகையில் பொற்கன்றின் முன்னும் அதே மக்கள் ஆடிக்கொண்டிருந்தனர். ஏரோதின் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடிய ஆடலுக்கு விலையாகத் திருமுழுக்கு யோவானின் தலை கொடுக்கப்பட்டது. மறுபுறத்தில், காணாமற்போன மகன் மீண்டபோது தந்தையின் வீட்டில் ஆடல் நிகழ்ந்தது என லூக்கா நற்செய்தி கூறுகின்றது. அவ்வொலி கேட்டுச் சினந்து உள்ளே வர மறுத்தவன் மூத்த மகன். எனவே ஆடல் தன்னளவில் புனிதமானதும் அன்று, பாவமானதும் அன்று. யார் முன்னிலையில், எதன்பொருட்டு, யாரோடு ஆடப்படுகின்றது என்பதே விவிலியத்தில் அதன் தன்மையை நிர்ணயிக்கின்றது.

ஆதித் திருச்சபையின் பிதாக்கள் ஆடலை ஐயுற்றனர். ஏரோதியாளின் மகளைப் பற்றி உரை நிகழ்த்துகையில் யோவான் கிறிசோஸ்தம், ஆடல் உள்ள இடத்தில் அலகை உண்டு எனும் கருத்துப்படக் கடிந்துரைத்தார். உரோமப் பேரரசின் அரங்குகளில் நிகழ்ந்த களியாட்டங்களையும், புனிதர் திருநாள்களில் மதுவோடு கலந்து நடைபெற்ற ஆட்டங்களையும் அவர்கள் நேரிற் கண்டவர்கள். ஆதலின் அவர்தம் அச்சத்தைக் காரணமற்றது எனத் தள்ளிவிட இயலாது. எனினும் அவர்களுள்ளும் ஒருமித்த குரல் இருக்கவில்லை. நசியான்சு நகரத்துக் கிரகோரியார், ஆடத்தான் வேண்டுமெனின் ஏரோதியாளின் மகளைப்போல் அன்றித் தாவீதைப்போல் ஆடுமாறு பணித்தார். திருமுறையில் சேர்க்கப்படாத ‘யோவான் பணிகள்’ என்னும் பழைய நூல், இயேசு கைதாவதற்கு முன்னர் சீடர்கள் கைகோத்து வட்டமிட்டுச் சுற்றிவர, அவர் நடுவே நின்று பாடியதாகச் சித்திரிக்கின்றது. 787இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் அந்நூலைக் கண்டித்து ஒதுக்கியது.

இங்கு ஒரு முரண்பாடு கவனத்துக்குரியது. உடலை ஆன்மாவின் சிறை எனக் கருதிய தத்துவங்கள் பலவற்றின் நடுவே, கடவுள் உடலெடுத்தார் என்றும், உடல் உயிர்த்தெழும் என்றும் அறிக்கையிட்ட சமயம் கிறிஸ்தவம். அதன் திருவருட்சாதனங்கள் அனைத்தும் உடலைத் தொட்டே நிகழ்கின்றன. நீர் தலையில் வார்க்கப்படுகின்றது. எண்ணெய் நெற்றியிற் பூசப்படுகின்றது. அப்பம் வாயில் உண்ணப்படுகின்றது. உடலுக்கு இத்துணை இடம் தந்த சமயம் உடலின் அசைவுக்கு அஞ்சியது ஏன் என்பது வியப்புக்குரியதே.

உண்மையில் கிறிஸ்தவ வழிபாட்டில் உடல் ஒருபோதும் வாளாவிருந்ததில்லை. 325இல் கூடிய முதலாம் நீசேயா சங்கத்தின் இருபதாவது விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் உயிர்ப்புக்கும் பெந்தகோஸ்துக்கும் இடைப்பட்ட நாள்களிலும் முழந்தாளிடாது நின்றே செபிக்க வேண்டும் என விதித்தது. முழந்தாளிடுதல் பாவத்துக்கு வருந்துவோரின் நிலை. நிமிர்ந்து நிற்றல் உயிர்த்தெழுந்தோரின் நிலை. கிறிஸ்துவின் இயல்பு பற்றி விவாதித்த அதே சங்கம் முழங்கால்களைப் பற்றியும் சட்டம் இயற்றியமை, உடலின் நிலை வெறும் புறச்சடங்கன்று, அதுவே ஒரு கோட்பாட்டுக் கூற்று என்பதை அச்சபை உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும். சிலுவை அடையாளம் இடுதலும், பெரிய வெள்ளியன்று குருவானவர் முகங்குப்புற வீழ்ந்து கிடத்தலும், சுரூபத்தைச் சுமந்து வீதிவலம் வருதலும் இத்தகையனவே. கட்டுப்பாடான இவ்வசைவுகளுக்கும் ஆடலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவைப் பற்றியதேயன்றி இயல்பைப் பற்றியதன்று.

அவ்வாறாயின், அசையாது அமர்ந்திருத்தலும் ஓர் உடல்மொழியே என்பது பெறப்படும். வரிசை வரிசையாக வாங்குகளில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்து, பிரசங்கத்துக்குச் செவிசாய்க்கும் நிலையைப் பலர் கிறிஸ்தவ வழிபாட்டின் இயல்பான வடிவம் எனக் கருதுகின்றனர். ஆனால் மேலைநாட்டுக் கோவில்களில் மக்களுக்கான வாங்குகள் மத்திய காலத்தின் பிற்பகுதியிலேயே பரவலாயின. பிரசங்கத்தை வழிபாட்டின் நடுநாயகமாக்கிய சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் அவை எங்கும் நிலைபெற்றன. கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் மக்கள் நெடுநேரம் நின்றே வழிபடும் மரபு தொடர்கின்றது. அசையாமை ஒரு குறிப்பிட்ட காலத்தின், ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் கண்ணியக் கருத்திலிருந்து பிறந்தது. அதனைக் குறை கூறவேண்டியதில்லை. ஆழ்ந்த மௌனம் பெரும் வழிபாடாதல் கூடும். ஆயினும் அந்த ஒன்றையே பக்தியின் பொது அளவுகோலாக உலகுக்கெல்லாம் விதிக்கும்போதுதான் அறப் பிரச்சினை எழுகின்றது.

மேலைத் திருச்சபை ஆடலை எத்தனையோ முறை தடைசெய்தது. 589இல் கூடிய மூன்றாம் தொலேதோ சங்கம் புனிதர் திருநாள்களில் மக்கள் ஆடுவதையும் தகாத பாடல்கள் பாடுவதையும் கண்டித்தது. பின்வந்த சங்கங்களும் அத்தடையை மீண்டும் மீண்டும் விதிக்க நேர்ந்தமை, மக்கள் ஆடுவதை நிறுத்தவில்லை என்பதனையே காட்டுகின்றது. பிரான்சின் ஒசேர் பேராலயத்தில் உயிர்ப்புத் திருநாளன்று குருமாரே தளத்திற் பொறிக்கப்பட்ட சுழல்வழிக் கோலத்தின்மீது பந்தொன்றை ஒருவருக்கொருவர் எறிந்தவண்ணம் ஆடிவந்தனர். அது 1538இல் ஒழிக்கப்பட்டது. ஸ்பெயினின் செவில் பேராலயத்திலோ, நற்கருணைத் திருநாளிலும் அமலோற்பவத் திருநாளிலும் பழங்கால உடையணிந்த சிறுவர்கள் பீடத்தின் முன்னே மெல்ல அடியெடுத்து ஆடும் வழக்கம் அற்றுப்போகாது நிலைத்துள்ளது. லக்சம்பேர்க்கில் எக்தர்னாக் என்னும் சிற்றூரில், பெந்தகோஸ்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, 739இல் மறைந்த புனித வில்லிபுரோர்டின் கல்லறையை நோக்கி மக்கள் வெண்ணிறக் கைலேஞ்சிகளின் முனைகளைப் பற்றி வரிசையாக இணைந்து, இடமும் வலமுமாகத் துள்ளியவாறு பவனி செல்கின்றனர். 2010இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

எக்தர்னாக் பவனி ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. அங்கு ஆடுவோர் கலைஞர் அல்லர். முதியோரும் சிறுவரும் நோயுற்றோரின் உறவினரும் ஒரே மெட்டுக்கு மணிக்கணக்கில் துள்ளுகின்றனர். அது மகிழ்ச்சியின் வெளிப்பாடு என்பதினும் வேண்டுதல் என்பதே பொருந்தும். காலால் செய்யப்படும் செபம் அது. ஆடல் என்றவுடன் களிப்பையும் கவர்ச்சியையும் மட்டுமே நினைப்போர், துயருக்கும் களைப்புக்கும் உடலில் மொழியுண்டு என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆபிரிக்கக் கண்டத்தில் ஆடலுக்கு வழிபாட்டின் மையத்திலேயே இடமளித்த மிகப் பழைய திருச்சபை எதியோப்பியத் திருச்சபையாகும். அங்கு தெப்தரா எனப்படும் கற்றறிந்த பாடகர்கள், ஆறாம் நூற்றாண்டினரான யாரேத் என்பார் வகுத்ததாக மரபு கூறும் இசைக்கேற்ப, நெடிய செபக்கோலை ஏந்தி, கிலுகிலுப்பை ஒலித்து, பெரு முரசின் ஓசைக்கு இசைந்து வரிசைகளாக நின்று அசைந்தாடுகின்றனர். திருமுழுக்குத் திருநாளில், உடன்படிக்கைப் பேழையை நினைவூட்டும் தாபோத் கோவிலிலிருந்து வெளியே எடுத்துவரப்படும்போது அவர்கள் அதன் முன்னே ஆடுகின்றனர். தாவீதின் ஆடலை அங்கு ஒருவரும் விளக்கவேண்டியதில்லை. அது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அவ்வாடலின் வேகம் மிகக் குறைவு. பல ஆண்டுகள் பயின்றாலன்றி அது கைவராது. ஒழுங்கும் ஆடலும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணத்துக்கு எதியோப்பிய மரபு சிறந்த மறுப்பாக விளங்குகின்றது.

இதற்கு முற்றிலும் மாறான சூழலில் எழுந்தது அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்க மக்களின் வட்ட வழிபாடு. அவர்கள் வழிபாட்டின் முடிவில் வட்டமாகச் சுற்றி, பாடி, கைகொட்டி, பாதங்களைத் தரையில் இழுத்து அசைந்தனர். ஆடல் பாவம் என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஆதலால் ஒரு காலை மற்றக் காலின் குறுக்கே வைத்தால் அது ஆடல், வைக்காவிடின் அது ஆடலன்று என அவர்கள் நுண்ணிய வரையறை ஒன்றை வகுத்துக்கொண்டனர். இதனைத் தந்திரம் என நகைப்பது எளிது. தம் உடலே தமக்குச் சொந்தமில்லை எனச் சட்டம் கூறிய மக்கள், இறைவன் முன்னிலையில் மட்டும் அவ்வுடலைத் தமதாக்கிக்கொள்ளக் கண்ட வழி அது என்று உணரும்போது நகைப்பு அடங்கிவிடும்.

அவ்வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் கறுப்பின மக்களின் திருச்சபையொன்றின் ஆயரான தானியேல் பெய்ன் (1811–1893) ஆவார். கல்வியால் தம் இனத்தை உயர்த்தப் பாடுபட்ட அப்பெருமகனுக்கு, வட்டமிட்டு ஆடுதல் அறியாமையின் எச்சமாகவும் இனத்துக்கு இழுக்காகவும் தோன்றியது. அவரைக் கொடியவராகக் கருதுதல் தவறு. தம் மக்கள் உலகின் கண்களில் இகழப்படக்கூடாது என்ற கவலையே அவரை இயக்கியது. ஆயின் உலகின் கண் என்பது இங்கு யாருடைய கண்? இகழ்ந்தவர்களின் கண்கொண்டே தம்மவரை நோக்கும் நிலைக்கு இகழப்பட்டோரும் உள்ளாகின்றனர் என்பதே இதன் துயரம். சாளரத்தில் நின்று நோக்குபவர் எப்போதும் அரண்மனைக்கு உரியவர் அல்லர். சில வேளைகளில் அவர் வீதியிலிருந்தே மேலேறிச் சென்றவராகவும் இருக்கின்றார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினா கத்தோலிக்கத் திருச்சபையிற் புத்துயிர் பெற்றது. 1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைவிளக்கம், மக்களின் பங்கேற்பில் செயல்களும் உடல்நிலைகளும் உள்ளடங்கும் என ஏற்று, பல்வேறு இனத்தவரின் பண்பாட்டுக்கேற்ற இசைவாக்கத்துக்கும் வழிதிறந்தது. 1969 ஏப்பிரலில் இந்தியத் திருச்சபைக்கு உரோம் அங்கீகரித்த பன்னிரு அம்சங்களுள், காலணி களைதல், தரையில் அமர்தல், கைகூப்பித் தாழ்ந்து வணங்குதல், பஞ்சாங்க வணக்கம், ஆராத்தி ஆகியன இடம்பெற்றன. 1975இல் வத்திக்கானின் வழிபாட்டு ஏடு, ஆடல் சமயப் பொருளுடையதாக வாழும் பண்பாடுகளில் அதனை ஏற்கலாம் என்றும், ஆடல் கேளிக்கையோடு பிணைந்துள்ள மேலைநாட்டில் அதனை வழிபாட்டினுட் புகுத்தலாகாது என்றும் வேறுபடுத்திக் கூறியது. 1988இல் சயீர் நாட்டு மறைமாவட்டங்களுக்கான திருப்பலி முறை அங்கீகாரம் பெற்றது. கின்ஷாசாவின் பேராயராயிருந்த கர்தினால் மலூலா அதற்காக நெடுங்காலம் உழைத்தவர். அம்முறையில், வானவர் கீதம் பாடப்படும்போது குருவும் பணியாளரும் பீடத்தைச் சுற்றி ஆடிவர, மக்கள் தத்தம் இடத்திலேயே அசைந்தாடுகின்றனர். 2019 டிசெம்பர் முதலாந் திகதி உரோமின் புனித பேதுரு பேராலயத்திலேயே பாப்பரசர் பிரான்சிஸ் அம்முறையில் திருப்பலி நிறைவேற்றினார்.

இப்போக்குக்கு எதிராக எழுப்பப்பட்ட வாதங்களுள் வலிமை மிக்கது, பின்னர் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பராக விளங்கிய கர்தினால் ரட்சிங்கர் 2000இல் வெளியான தமது நூலில் முன்வைத்ததாகும். ஆடல் கிறிஸ்தவத் திருவழிபாட்டுக்குரிய வெளிப்பாட்டு வடிவம் அன்று என்பது அவர் நிலைப்பாடு. மனிதரின் திறமையை மெச்சி வழிபாட்டினுள் கைதட்டல் எழுமாயின், அங்கு வழிபாடு மறைந்து ஒருவகைக் கேளிக்கை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்றும் அவர் எச்சரித்தார். இவ்வெச்சரிக்கையைப் பழமைப்பற்று எனப் புறக்கணித்தல் நேர்மையாகாது. பயிற்சி பெற்ற நால்வர் பீடத்தின் முன் ஆட, நானூறு பேர் அமர்ந்து பார்த்து இறுதியிற் கைதட்டுவராயின், அந்நானூறு பேரும் வழிபடுவோர் என்ற நிலையிலிருந்து பார்வையாளர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகின்றனர். ஆடுவோரின் உள்ளமும் இறைவனைவிட்டு அவையோரை நாடத் தொடங்கும்.

ஆயினும் இவ்வாதம் எதனை நிறுவுகின்றது என்பதை வரையறுத்தல் வேண்டும். அது குற்றஞ்சாட்டுவது காட்சியாகிவிட்ட வழிபாட்டையே. பாடகர் குழுவின் நாலுகுரற் பாடலும் அதே இழுக்குக்கு ஆளாகலாம். சொல்வன்மை மிக்க பிரசங்கமும் ஆகலாம். இவற்றை எவரும் தடைசெய்யவில்லை. ஆபத்து பொதுவாயிருக்கத் தண்டனை ஆடலுக்கு மட்டும் எனின், அங்கு ஏதோ ஒரு முற்சாய்வு தொழிற்படுகின்றது எனல் வேண்டும். மேலும், எக்தர்னாக்கில் எவரும் கைதட்டுவதில்லை. கின்ஷாசாவில் ஆடாதவர் எனத் தனியொரு கூட்டம் இல்லை. அனைவரும் ஆடும் இடத்தில் பார்வையாளர் இல்லை.

தமிழ்ச் சூழலில் இவ்வினா மேலும் சிக்கலானது. ஆடும் இறைவனை நடுவண் வைத்துப் போற்றிய மண் இது. ஈழத்தவரான ஆனந்த குமாரசுவாமி 1918இல் நூலாக வெளியிட்ட ‘சிவ நடனம்’ அத்தத்துவத்தை உலகறியச் செய்தது. நற்செய்திகளிலோ கிறிஸ்து ஆடியதாக ஒரு குறிப்பும் இல்லை. எனவே தமிழ்க் கிறிஸ்தவர்க்கு ஆடல் பிற சமயத்தின் அடையாளமாகத் தோன்றியது. அதனோடு, கோவிலில் ஆடிய தேவதாசியரின் வாழ்வு செல்வரின் சுரண்டலுக்கு உள்ளாகியிருந்த நிலையில், 1890களில் சென்னையில் எழுந்த சதிராட்ட எதிர்ப்பியக்கத்துக்கு இந்துச் சீர்திருத்தவாதிகளுடன் மிஷனரிமாரும் துணைநின்றனர். 1947இல் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சுரண்டலை ஒழிக்க விழைந்தமை அறமே. ஆனால் பழி பெரும்பாலும் சுரண்டியவர்மேற் சாராது, ஆடிய பெண்ணின் உடல்மேற் சார்ந்தது. ஆடும் பெண்ணுடல் இழிந்தது என்ற எண்ணம் கிறிஸ்தவ இல்லங்களிலும் வேரூன்றியது.

எனினும் தமிழ்க் கிறிஸ்தவம் ஆடலை அறவே துறந்துவிடவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஆடலுக்கென்றே வளர்ந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஈழத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமங்களிலும் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாறுகளை நாட்டுக்கூத்தாக ஆடிவந்தனர். ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ முதலிய கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து அறிஞருலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களைப் பெருமேடைகளில் ஏற்றியது. ஆனால் நாட்டுக்கூத்து ஆடப்பட்ட இடம் கோவில் வளவு. பீடத்தின் முன்றில் அன்று. திருநாள் இரவில் விடியும்வரை புனிதரின் துன்பத்தைத் தன் உடலால் ஆடிய கடற்றொழிலாளி, காலையிற் பூசைக்கு உள்ளே நுழைந்ததும் அசையாது கைகட்டி நின்றான். அவனது பக்திக்கு வெளியே ஒரு மொழியும் உள்ளே வேறொரு மொழியும் இருந்தன. உள்ளே பேசப்பட்ட மொழி அவன் மூதாதையர் அவனுக்கு அளித்ததன்று.

1977இல் திருச்சிராப்பள்ளியிற் கலைக்காவிரி தொடங்கப்பட்டமை போன்ற முயற்சிகளால், இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் பரதநாட்டியம் கிறிஸ்தவப் பொருளைத் தாங்கலாயிற்று. ஆராத்தி ஏந்திய நடனமும் காணிக்கைப் பவனி நடனமும் ஆலயங்களில் இடம்பெறத் தொடங்கின. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இங்கும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. எந்த ஆடல் உள்ளே அனுமதிக்கப்பட்டது? தேவதாசியரிடமிருந்து பெறப்பட்டு, ‘தூய்மைப்படுத்தப்பட்டு’, உயர்குடியினரின் மதிப்பைப் பெற்ற பின்னரே பரதம் பீடத்தின் முன் வந்தது. பறையொலிக்கு ஆடியவர்களின் ஆடல் வாயிலிலேயே நின்றது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவருட் பெருந்தொகையினர் அப்பறையொலிக்குரிய மக்களின் வழிவந்தவர்கள் என்பதை எண்ணும்போது இம்முரண் வேதனை தருவது. மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் பணியாற்றிய ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, நாட்டார் இசையையும் அதற்குரிய கருவிகளையும் கொண்டு வழிபாட்டை அமைத்தபோது எழுப்பிய வினா இதுவே. சாஸ்திரிய இசையும் ஆடலும் மட்டுமே பண்பாடு எனக் கொள்ளப்படுமாயின், பண்பாட்டுமயமாதல் என்பது ஒரு மேலாண்மைக்குப் பதிலாக இன்னொரு மேலாண்மையை அமர்த்துவதாகவே முடியும்.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்குமிடத்து, வழிபாட்டில் ஆடலாமா ஆடலாகாதா என்று வினவுவது போதாது என்பது புலனாகும். ஆடல் பார்ப்போரை உருவாக்குகின்றதா, பங்கேற்போரை உருவாக்குகின்றதா என்பது முதலில் வினவத்தக்கது. சபையின் உடலில் ஏற்கனவே வாழும் அசைவு அதுவா, அன்றி மதிப்புக் கருதி இரவல் பெற்றதா என்பது அடுத்தது. இவற்றுடன் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் மறக்கப்படுவது. ஆட இயலாதவருக்கும் ஆட விரும்பாதவருக்கும் அங்கு இடமுண்டா? முடவரும் முதியோரும், இழவுத் துயரில் மௌனமாக இருக்க விரும்புவோரும் வழிபாட்டுக்கு வருகின்றனர். கைதூக்காதவனிடம் ஆவி இல்லை என்று கூறும் சபை, கைதூக்கியவனிடம் கண்ணியம் இல்லை என்று கூறும் சபையினின்றும் வேறுபட்டதன்று. இரண்டும் ஓர் உடல்மொழியைச் சட்டமாக்கி மற்றதை இழிவாக்குகின்றன.

இம்மூன்றாவது வினாவை மனத்திற்கொண்டு மீகாளிடம் மீளுதல் தகும். மரபு அவளை வறண்ட உள்ளத்தினளாகவே சித்திரித்து வந்துள்ளது. அவள் இறக்கும்வரை பிள்ளைப்பேறு இல்லாதிருந்தாள் என்பதனைத் தண்டனையாகவும் கொண்டது. ஆனால் சாமுவேல் நூல்கள் அவளைப்பற்றி இன்னும் சில கூறுகின்றன. இளமையில் அவள் தாவீதைக் காதலித்தாள். தன் தந்தை அவனைக் கொல்லத் தேடியபோது, ஒரு சாளரத்தின் வழியாக அவனைக் கீழிறக்கித் தப்புவித்தவள் அவளே. பின்னர் தந்தையால் வேறொருவனுக்கு மனைவியாகக் கொடுக்கப்பட்டாள். அரசியல் நிலை மாறியதும் தாவீது அவளை மீளக் கேட்டான். அவளது கணவன் அழுதுகொண்டே வழிநெடுகப் பின்தொடர, அவள் பிரித்துக் கொணரப்பட்டாள். அவள் விருப்பத்தை யாரும் கேட்டதாக நூலிற் குறிப்பில்லை. ஒரு காலத்தில் அன்பின்பொருட்டு அவள் திறந்தது ஒரு சாளரம். தன் வாழ்வைச் சிதைத்த அரசன் வீதியில் மகிழ்ந்தாடுவதை அவள் கண்டதும் ஒரு சாளரத்தினூடாகவே.

அவளது இகழ்ச்சியில் உயர்குடிச் செருக்கு இருந்தது உண்மை; பணிப்பெண்களை அவள் இழித்துரைத்தமை அதற்குச் சான்று. தாவீதின் விடை அச்செருக்குக்குப் பொருத்தமானதே. ஆயின் அவளது காயத்துக்கு அவ்விடையில் ஒரு சொல்லும் இல்லை. ஆடலை வெறுப்போர் அனைவரும் உடலை வெறுப்போர் அல்லர். தேவதாசியரின் துயரைக் கண்ட தலைமுறையினர் ஆடலுக்கு அஞ்சினர். இழிவை உடலிற் சுமந்த பெய்ன் போன்றோர் நிமிர்ந்து நிற்பதையே விடுதலையாகக் கருதினர். அவர்களை மீகாளென எள்ளிவிட்டு ஆடுவது எளிது. ஆனால் வீட்டிலுள்ள ஒருத்தியின் துயரைக் கேளாது வீதியில் ஆடும் ஆடல், பேழையின் முன்னதாயினும், குறைபட்டதே.

காணாமற்போன மகனின் உவமையில் தந்தை நடந்துகொண்ட முறை இங்கு நினைவுகூரத்தக்கது. உள்ளே ஆடல் நிகழ்ந்துகொண்டிருக்க, வெளியே சினந்து நின்ற மூத்த மகனிடம் அவர் தாமே வெளிவந்தார். அவன் மனக்குறையைக் கேட்டார். உள்ளே வருமாறு வேண்டினார். ஆடலையும் நிறுத்தவில்லை, வெளியே நின்றவனையும் கைவிடவில்லை. அவன் உள்ளே சென்றானா என்பதை நற்செய்தி சொல்லாது விட்டுவிடுகின்றது. ஆடும் சபைக்கும் ஆடாத சபைக்கும் உரிய கடமை அத்தந்தையின் செயலிலேயே அமைந்துள்ளது. தாவீது அன்று மேலே ஏறிச் சென்று அச்சாளரத்தருகே சற்று நேரம் நின்றிருப்பானாயின், அவன் ஆடல் அதனாற் குறைந்திருக்க மாட்டாது.